எட்டு மணி நேரம் பின்தங்கிய பெட்டி

கமலநாதன் என்ற பெயர் முதலில் காதில் விழுந்தது கிள்ளானில் ஒரு கல்யாண மண்டபத்தில், இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தபோது. மாப்பிள்ளை, பெண் இருவரின் சின்ன வயசுப் படங்களைத் திரையில் காட்டுவதாக ஏற்பாடு. திரை கறுப்பாக நின்றது. மூலையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் கண்ணடித்துக்கொண்டிருந்தது. பெண்ணின் தாய்மாமன், "கமலநாதன் சாப்பிட்டுட்டு இருக்காரு, கூப்பிடுங்க லா" என்று குரல் கொடுத்தார். ஒல்லியாக, நெட்டையாக ஒருவன் வந்தான். ரசஞ்சோறு பிசைந்த வலக்கையைத் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடக்கை விரல் ஒன்றால் கம்ப்யூட்டரைத் தட்டினான். படம் வந்தது. கைதட்டலுக்கு நிற்காமல் பந்திக்குத் திரும்பினான். அதற்குள் அவன் இலையை யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள்.

யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்ததில் தெரிந்தது: கிள்ளானை அடுத்த மேருவில் லோரி ஓட்டிய வேலாயுதத்தின் கடைக்குட்டி. வேலாயுதத்தின் பெண்சாதி தாமரை, செராஸ் ஊர்க்காரி, இவன் தவழும்போதே போய்ச் சேர்ந்துவிட்டாள். அக்கா இராஜம்மாவுக்கும் இவனுக்கும் நடுவில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. ஆகவே தம்பியை இடுப்பில் சுமந்தவள் இராஜம்மா. கையுறைத் தொழிற்சாலையில் கால் வீங்க நின்று அவனைப் படிக்க வைத்தவளும் அவள்தான். அவளுக்கு வாய்த்த புருஷன் நல்லவன், ஆயுசுதான் இல்லை. கமலநாதனுக்குக் கல்யாணமே அமையவில்லை. அக்காவும் தம்பியும் இன்றைக்கும் மேருவில் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள்.

பிரிக்பீல்ட்ஸில் பூக்கடை வரிசைக்கு மேலே, மாடிப்படி முடிகிற இடத்தில் அவன் ஒரு மேசை போட்டிருக்கிறான். அதைக் கடை என்று அவன் சொன்னதில்லை. மற்றவர்கள் தொட்டுப் பார்த்துக் கைவிட்ட கம்ப்யூட்டர்கள்தாம் அந்த மேசைக்கு வரும். அதிலும், ஒரு பெட்டிக்குள் இரண்டு சிஸ்டம் வைத்துக்கொண்டு, எதற்குள்ளும் போக முடியாமல் முழிக்கிற பெட்டிகள் அதிகம். அப்பனுக்குப் பழகிப்போன விண்டோஸ் வேண்டும். பிள்ளைக்கு வேலைக்கு லினக்ஸ் வேண்டும். வீட்டில் இருப்பதோ ஒரே பெட்டி.

அது ஏன் திறக்கவில்லை என்று கேட்பவர்களுக்கு அவன் ஒரு விளக்கம் வைத்திருக்கிறான். "ரெண்டு சம்சாரம் கட்டினவன் கதைதான் அண்ணே. முச்சந்தியில ஒருத்தன் நின்னு, இன்னைக்கு எந்த வீட்டுக்குப் போறீங்கன்னு கேக்கணும். கேக்கிற ஆளு ஓடிட்டான்னா மனுசன் நடுத்தெருவுலதான் நிக்கணும்." சிரிப்பவர்கள் சிரிப்பார்கள். அவன் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: நேற்றுவரை நன்றாக இருந்தது, நான் ஒன்றும் பண்ணவில்லை. அவன் தலையாட்டுவான். "யாருமே ஒண்ணும் பண்றதில்ல அக்கா. அதுவாதான் ரோசாக் ஆயிருது, கெட்டுப்போயிருது." குரலில் கேலி இருக்காது, களைப்புதான் இருக்கும். போகிற வீட்டில் தேநீர் கொடுத்தால் பெட்டி திறக்கும்வரை வாய் வைக்கமாட்டான். ஏடு படிந்து, ஆறி, எறும்பு வந்த பிறகு ஒரே மடக்கில் குடிப்பான். சூடான தேநீர் எப்படி இருக்கும் என்று அவனுக்கு மறந்தே போயிருக்கும் என்பாள் இராஜம்மா.

வருஷம் முழுக்க வேலை இருந்தாலும் அவனுக்கு இடுப்பு ஒடிகிற நாள் ஆயுத பூசைக்கு மறுநாள். நம்மவர்கள் மற்ற நாளில் கம்ப்யூட்டரை அணைப்பார்களே தவிர, பிளக்கைப் பிடுங்குவதில்லை. பூசையன்று பிடுங்கிவிடுவார்கள். ஆயுதம் என்று சந்தனப் பொட்டு வைத்தாயிற்று, அன்றைக்கு அதற்கு முழு ஓய்வு கொடுக்கவேண்டும் அல்லவா? பெட்டிக்குள்ளே பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி உண்டு. மணி என்ன, விழித்ததும் எந்த டிஸ்க்கில் போய்த் தேடவேண்டும் என்பதையெல்லாம் பெட்டி தூங்கும்போது நினைவில் வைத்திருப்பது அதுதான். பழைய பெட்டிகளில் அது எப்போதோ செத்திருக்கும்; சுவரிலிருந்து கரண்டு வருகிறவரை யாருக்கும் தெரியாது. பிளக்கைப் பிடுங்கியதும் பெட்டி ஊர் பேர் எல்லாவற்றையும் மறந்துவிடும். விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்து சுவிட்சைத் தட்டினால் கறுப்புத் திரைதான்.

அன்றைக்கு அவன் மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போவான். திறக்கிற பெட்டிக்குள்ளே பொரி கிடக்கும், எலுமிச்சை விதை கிடக்கும். குங்குமத்தை மட்டும் தரையில் தட்டாமல் காகிதத்தில் வழித்து மடித்து வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிடுவான். ஒரு முறை தட்டிவிட்டு ஒரு கிழவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

இந்த வருஷம் அந்த நாள் வந்தபோது அவன் மனசு வேலையில் இல்லை. இராஜம்மாவுக்கு நெஞ்சு ரத்தக் குழாய்களில் அடைப்பு. நெஞ்சைத் திறந்துதான் ஆகவேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் சொல்லி மாதங்கள் ஆகிவிட்டன. தேதியும் கொடுத்தார்கள். அவள் போகவில்லை. பிரிக்பீல்ட்ஸ் ராதாகிருஷ்ணன் ஜோசியரிடம் ஆரூடம் கேட்டாள்; கேள்வி கேட்ட நிமிஷத்தை வைத்துப் பலன் சொல்வது அது. இந்த வருஷம் உடம்பில் கத்தி படக்கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். அதோடு முடிந்தது. கமலநாதன் கத்தினான், கெஞ்சினான், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தான். "சாமி சொல்லிட்டாரு, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்பதே பதில். சமையல்கட்டிலிருந்து கூடத்துக்கு வருவதற்குள் இராஜம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்குவாள். அடுத்த வருஷம்வரை இவள் தாங்குவாளா என்ற கேள்வியோடுதான் அவன் தினமும் மோட்டாரை எடுத்தான்.

விஜயதசமியன்று காலையில் அந்த ஜோசியரே போன் செய்தார். பெட்டி எழுந்திருக்கவில்லையாம். போகக்கூடாது என்றுதான் கமலநாதன் நினைத்தான். ஆனால் அந்தப் பெட்டி அவன் கை பட்டது. தைப்பூசம் கழிந்த வாரத்தில் ஜோசியரின் மகள் மாதவிக்காக அதில் லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தவன் அவன்தான். மாதவி பெட்டாலிங் ஜெயாவில் ஆபீஸ் வேலை பார்க்கிறவள். வீட்டுக்கு வந்தும் வேலை பார்க்க அது வேண்டியிருந்தது. கைவைத்த பெட்டியை நட்டாற்றில் விட்டான் என்ற பேச்சு வரக்கூடாது என்று போனான்.

ஜோசியர் தரைத் தளத்து வீட்டின் முன்னறையில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். பெட்டிக்கு மூன்று பட்டை விபூதி, நடுவில் பொட்டு, மேலே வாடிய மல்லிகை. கமலநாதன் குங்குமத்தை வழித்துக் கொடுத்துவிட்டு, மூடியைக் கழற்றிச் செத்த பேட்டரியை மாற்றினான். எந்த டிஸ்க்கிலிருந்து எழுந்திருக்கவேண்டும் என்று பெட்டிக்கு நினைவுபடுத்தினான். திரையில் இரண்டு பெயர்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன.

"முச்சந்திக்காரன் வந்துட்டானா?" என்றார் ஜோசியர். அவருக்கும் அந்த விளக்கம் தெரியும்.

"வந்துட்டான் ஐயா."

"ஒண்ணு கட்டவே வழியில்லாதவன், ரெண்டு பொண்டாட்டிக்காரனுக்கு வழி சொல்றான் பாரு."

வேறு நாளாக இருந்தால் பதில் சொல்லியிருப்பான். மணியைச் சரியாக வைத்தான்; பதினொன்றே கால். இரண்டு சிஸ்டத்துக்குள்ளும் ஒரு தரம் போய் வராமல் அவன் எந்த வேலையையும் முடிப்பதில்லை. மாதவியின் லினக்ஸைத் திறந்து மூடினான். பிறகு ஜோசியரின் விண்டோஸுக்குள் வந்தான். திரையின் கீழ்மூலையில் மணி மூன்று இருபது என்று காட்டியது. விடியற்காலை மூன்று இருபது.

அதைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. லினக்ஸ் பெட்டியின் மணியை லண்டன் கணக்கில் எழுதி வைக்கும். விண்டோஸ் அதையே நம் ஊர் மணி என்று படிக்கும். நடுவில் எட்டு மணி நேரம் காணாமல் போய்விடும். இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்தால் ஒரு வரி மாற்றிவிட வேண்டும். எந்தப் பெட்டியிலும் மறக்காமல் செய்கிறவன் அவன். இதில் லினக்ஸ் ஏற்றிய அன்றைக்கு இன்னொரு வீட்டிலிருந்து போன் வர, அவசரமாகக் கிளம்பியது ஞாபகம் வந்தது. இன்டர்நெட் இருந்தால் விண்டோஸ் தானாகவே திருத்திக்கொள்ளும். வைரஸ் வந்துவிடும் என்று பயந்து ஜோசியர் தம் பக்கத்தில் அதைத் தொடவே மாட்டார்.

"ஐயா, இந்த மணி எத்தன நாளா இப்படிக் காட்டுது?"

"மாதவி உக்காந்து எழுந்தா அப்படித்தான் காட்டும். நான் கைக்கடிகாரத்தப் பாத்துக்குவேன். ஜாதகத்துக்குப் பொறந்த நேரம் நாமதானே போடுறோம், அதனால..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார்.

"கேள்வி கேட்டு வர்றவங்களுக்கு?"

ஜோசியர் கண்ணாடியைக் கழற்றினார். "அதுக்குப் பொட்டியே அந்த நிமிசத்த எடுத்துக்கும்."

 ஜோசியரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இராஜம்மா கேட்ட அன்று போட்ட ராசிக் கட்டத்தைத் திறந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். பொழுது சாயும் நேரத்துக் கட்டத்தில் சூரியன் ஏழாம் வீட்டில் இறங்கியிருக்கும் என்பது அந்தத் தொழிலில் முதல் பாடம்.

"உங்க அக்கா வந்தது விளக்கு வைக்கிற நேரம். நீதான் கொண்டாந்து வாசல்ல விட்டுட்டுப் போன. சூரியன் பதினொண்ணுல நிக்கிறான், தம்பி. பட்டப்பகல் கட்டம் இது. எப்படிப் பாக்காம விட்டேன்னு தெரியல. அன்னைக்கு வாசல்ல இன்னும் ஆளுங்க இருந்தாங்க."

"அந்த சிஸ்டத்தப் போட்டது நான்தான் ஐயா. மணியச் சரி பண்ணாம ஓடிட்டேன்."

ஜோசியர் அவனைத் திட்டவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து பஞ்சாங்கத்தையும் பென்சிலையும் எடுத்தார். சரியான நேரத்துக்குக் கையாலேயே போட்டுவிடுகிறேன் என்றார். கமலநாதன் பஞ்சாங்கத்தின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினான்.

"வேணாம் ஐயா."

"ஏன்?"

"இதுவும் வேணாம்னு சொல்லிட்டா?"

ஜோசியர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பென்சிலை மேசையில் வைத்துவிட்டு, அக்காவுக்குப் போன் போடு என்றார்.

ஸ்பீக்கரில் இராஜம்மாவின் மூச்சுதான் முதலில் கேட்டது. ஜோசியர் சுற்றி வளைக்கவில்லை. அன்றைக்குச் சொன்னது செல்லாது, பெட்டி காட்டிய நேரம் தப்பு, அதைப் பார்க்காமல் பலன் சொன்னது தன் பிழை என்றார். கமலநாதனும் தன் பங்கைச் சொன்னான். அவள் யாரையும் குறை சொல்லவில்லை. அப்படியானால் சரியான நேரத்துக்கு இப்போது பார்த்துச் சொல்லுங்கள் சாமி என்றாள்.

ஜோசியர் ஒரு தரம் கமலநாதனைப் பார்த்தார். "ஒரே கேள்விய ரெண்டு தரம் கேக்கக்கூடாதும்மா. கேட்டா பதில் நிக்காது. அது நான் வச்ச சட்டமில்ல, எங்க தொழில்ல உள்ளது."

"அப்ப நான் யாரத்தான் கேக்கிறது?"

ஜோசியர் போனைத் தம்பியின் பக்கம் தள்ளிவைத்தார். இத்தனை மாதமாக அவன் கத்தியிருக்கிறான். அக்கா அவனை ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போது கேட்டதும் போனைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"போவோம்க்கா" என்றான்.

"நீ இருப்பியா? எவனாச்சும் கூப்பிட்டான்னு பாதியில எழுந்து போயிருவியே."

"போமாட்டேன்."

"சரி, தேதி கேளு" என்று அவள் போனை வைத்தாள்.

கமலநாதன் அந்த ஒரு வரியை மாற்றினான். இரண்டு சிஸ்டத்துக்குள்ளும் மாறி மாறிப் போய் வந்தான். இரண்டிலும் மணி ஒன்றாகவே நின்றது. ஆனாலும் அவன் எழுந்திருக்கவில்லை; இன்னொரு தரம் போய் வந்தான். அதே மாதிரி கேட்டு வந்தவர்கள் யார் யார் என்று ஜோசியர் வாய்க்குள் பெயர்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மாரியாத்தா, எத்தனை பேர் வீட்டுக் கதவைத் தட்டவேண்டுமோ என்று ஒரு பெருமூச்சு விட்டார்.

ஆஸ்பத்திரியில் திரும்பவும் வரிசையில் நின்று, திரும்பவும் ரத்தம் பார்த்து, தீபாவளி கழிந்துதான் தேதி கிடைத்தது. இன்று காலையில் இராஜம்மாவைச் சக்கரக் கட்டிலில் வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடுகிறவரை அவள் தம்பியைத் திரும்பிப் பார்க்கவில்லை. வளையலைக் கழற்றச் சொன்ன தாதியோடு வழக்குப் பேசிக்கொண்டே போனாள்.

கமலநாதன் இப்போது கிள்ளானில் இருக்கிறான். ஆஸ்பத்திரி மூன்றாம் மாடியில், அறுவை அறைக்கு வெளியே போட்டிருக்கும் நாற்காலியில், அக்காவின் ரப்பர் செருப்பு இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.