பலா மணையில் ஒரு கிட்டார்

ஜப்பான்காரன் காலத்தில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வீடுகளில் எங்களுக்கு அடுத்த வீட்டுக்காரர் ஒரு பிலிப்பினோ. ராணுவ அதிகாரிகளின் கிளப்பில் கிட்டார் வாசித்தார். அந்த வேலை அட்டை இருந்ததால்தான் போனவர் பலர் திரும்பாத சயாம் ரயில்பாதை வேலைக்கு அவரைப் பிடித்துப் போகவில்லை. ஒருநாள் லோரியில் ஒரு சிப்பாய் கிட்டார்மேல் உட்கார்ந்துவிட்டான். முதுகுப் பலகை சுக்குநூறு. சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் அட்டை போய்விடும்.

நான் ரயில் பெட்டிப் பட்டறையில் தச்சன். எதையும் பிரித்துப் பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. உள்ளே எட்டிப் பார்த்தேன். பலா மரம்!

"நம்ம வீணைக்கும் இதே மரம்தான்!" என்றேன்.

ஸ்பானிஷ்காரர்கள் கொண்டுவந்த வாத்தியத்தை அவர் ஊர்க்காரர்கள் தங்கள் செபுத் தீவில் கிடைத்த பலாவிலேயே செய்து பழகிவிட்டார்களாம். அவர் அப்பாவும் கிட்டார் செய்தவராம். பச்சை மரம் உதவாது, காய்ந்தால் வெடிக்கும் என்றார்.

காய்ந்த பலா என் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நாங்கள் கல்யாணத்தில் உட்கார்ந்த மணை. மனைவியிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான் தயங்குவதைப் பார்த்து அவளே சொன்னாள்: "ஆளே போயிட்டா மணைய வச்சு என்னங்க பண்றது? எடுத்துட்டுப் போங்க."

மணையைக் கனத்தின் நடுவே இரண்டு தகடாக அறுத்து, புத்தகத்தை விரிப்பதுபோல் விரித்து ஒட்டினோம். இரண்டு பக்கமும் ரேகை ஒன்றுக்கொன்று பொருந்தி நின்றது. அதோடு விட்டிருக்கலாம். அவர் இல்லாத நேரத்தில் ரயில் பெட்டிக் கதவுக்குப் போடுவதுபோல் குறுக்குச் சட்டம் வைத்து எட்டுத் திருகாணி முடுக்கிவிட்டேன். குலுங்கினாலும் கழலக்கூடாதே!

அவர் வந்து விரலால் தட்டினார். டொக் என்றது.

எங்களோடு பழகிக் கற்ற தமிழில் சொன்னார்: "அண்ணே, இது ரயில் இல்ல லா. பலகை நடுங்கணும்."

வெட்கமாகப் போய்விட்டது. திருகாணிகளைக் கழற்றி, சட்டத்தை மெலிதாக்கி, வச்சிரப் பசையால் ஒட்டினேன். பிறகு பலகையை இழைத்தோம். அவர் தட்டுவார், காது கொடுப்பார், "இன்னும்" என்பார். கட்டைவிரலால் அழுத்தினால் வளையும் அளவுக்கு வந்தபோது நான் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டேன். உடைந்தால் வேறு மரம் இல்லை. மறுபடி தட்டினார். இந்த முறை சத்தம் உடனே அடங்கவில்லை.

பலகையைக் கிட்டாரில் ஒட்டி முடித்தோம். சனிக்கிழமை வாசித்தார். அட்டையில் புது முத்திரை விழுந்தது. நான் பட்டறை முழுக்கப் பெருமையடித்தேன்.

அடுத்த வாரம் ஆள் பிடிக்கும் லோரி எங்கள் தெருவுக்கு வந்தது. தெருவுக்கு ஐந்து பேர். நான் பட்டறை ஆள் என்பதால் தப்பினேன்; கிட்டார்காரர் அட்டையைக் காட்டினார், விட்டுவிட்டார்கள். ஐந்து ஐந்தாகத்தானே இருக்க வேண்டும்? அவருக்குப் பதிலாக எதிர்வீட்டுக்காரரை ஏற்றினார்கள். அவர் திரும்பி வரவே இல்லை.

கிட்டார் நன்றாகத்தான் பேசியது. அடுத்த வீட்டுக்காரர் வாசிக்கும்போதெல்லாம் நான் எதிர்வீட்டுக் கதவைப் பார்க்காமல் இருக்கப் பார்ப்பேன், முடியாது.