ஜெனரேட்டரைக் குளிப்பாட்டிய கதை

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் என் மனைவி நடத்தும் சிறிய பனியன் கம்பெனியில் எனக்கு ஒதுக்கப்பட்ட பொறுப்பு ஒன்றே ஒன்று: ஜெனரேட்டர். தைக்கத் தெரியாது, ஆட்களை வேலை வாங்கத் தெரியாது, படிக்க மட்டும் தெரியும் என்பதால் கிடைத்த பதவி.

படித்தேன். மீன்பிடிப் படகு என்ஜின்களைப் பற்றித்தான் இணையத்தில் அதிகம் கிடைத்தது. டீசலில் தண்ணீர் கலந்தால் படகு நடுக்கடலில் நின்றுவிடுமாம். எங்களுக்கும் கடலுக்கும் நடுவே பாதித் தமிழ்நாடு கிடக்கிறது என்பதை நான் பொருட்படுத்தவில்லை. படகுகளில் பூட்டுவதைப் போல, அடியில் கண்ணாடிக் கிண்ணம் உள்ள வடிகட்டி ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். தண்ணீர் கனம் என்பதால் கிண்ணத்தின் அடியில் தங்கும். டீசல் மேலே மஞ்சளாக நிற்கும். நடுவே ஒரு கோடு தெரியும். தினமும் காலையில் குனிந்து அந்தக் கோட்டைத் தேடி, “கோடு இல்லை” என்று அறிவிப்பேன்.

“அப்ப இன்னைக்குக் கடலுக்குப் போலாமா அண்ணாச்சி?” என்பார் ஓவர்லாக் தைக்கும் தூத்துக்குடிக்காரப் பெண்.

அந்த ஆண்டு ஆயுத பூஜை புதன்கிழமை வந்தது. எல்லோரும் தையல் மெஷின்களைத் துணியால் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. குழாயை இழுத்துவந்து ஜெனரேட்டரைத் தலையோடு குளிப்பாட்டினேன்.

“ஏனுங்க, தொடச்சாப் போதாதுங்களா?” என்றாள் மனைவி.

“வருசத்துக்கு ஒரு நாளு. நல்லாக் குளிக்கட்டும்.”

டீசல் டேங்கின் மூடியில் காற்று போய்வர ஒரு துளை உண்டு. அது எனக்குத் தெரியாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அதைப் பற்றித் தனியாகவே படித்திருந்தேன்.

விடுமுறை முடிந்து திங்களன்று கம்பெனி திறந்தது. செவ்வாய் மாலை ஏற்றுமதிக்காரரின் வேன் வரும். குழந்தைகளின் வெள்ளை டி-சர்ட்டுகள் அத்தனையும் அன்றே அவர்கள் கேட்டுக்குள் போய்ச் சேர வேண்டும். ஒரு பெட்டி குறைந்தாலும் அடுத்த ஆர்டர் வேறு கம்பெனிக்கு என்று சொல்லியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் கரண்டு போனது. ஜெனரேட்டர் கிளம்பியது, இருமியது, நின்றது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குனிந்தேன். கோடு இல்லை. “தண்ணி இல்லை. டீசல் பளிங்கு மாதிரி இருக்குது” என்றேன். பிறகு பேட்டரி இணைப்புகளை இறுக்கினேன், காற்று வடிகட்டியைத் தட்டினேன், படித்ததையெல்லாம் வரிசையாகச் செய்து பார்த்தேன். மனைவி அதற்குள் ஆட்களை வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்துத் தைத்த துணிகளில் பிசிறு வெட்டச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தாள். கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்தி, வெட்டுத்துணி ஒன்றில் நாலு சொட்டுப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள். வெள்ளைத் துணியில் எண்ணெய்க் கறை விழுந்தால் தூக்கம் போய்விடும் தொழில் அவளுடையது.

“கறையே புடிக்கலீங்க. இது டீசலுங்களா?”

முகர்ந்தேன். வாசனையும் இல்லை. கோடு எப்படித் தெரியும்? கிண்ணத்தில் டீசலே இல்லை, விளிம்பு வரை நான் குளிப்பாட்டிய தண்ணீர்.

“கடலே இங்க வந்துட்டுல்லா அண்ணாச்சி!” என்றது வாசலிலிருந்து தூத்துக்குடிக் குரல்.

டேங்கைக் காலிசெய்து, துடைத்து, பெட்ரோல் பங்கிலிருந்து டீசல் வாங்கிவந்து ஊற்றி, குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்றி முடிக்க மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. என்ஜின் ஓடியது. மெஷின்கள் ஓடின. ஆனால் வேன் வந்தபோது கடைசிப் பெட்டிக்கான துணி இன்னும் தையலில் இருந்தது.

“நிக்க முடியாதுங்கக்கா, இன்னும் ரெண்டு எடத்துல ஏத்தோணும்” என்று டிரைவர் போய்விட்டார்.

இருட்டும் நேரத்தில் அந்தப் பெட்டியும் தயாரானது. மனைவி ஸ்கூட்டரை எடுத்தாள். நான் பின்னால் உட்கார்ந்து, பாலிதீன் சுற்றிய பெட்டியை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டேன். பெட்டி மறைத்ததில் எனக்கு எதுவும் தெரியவில்லை. ஒவ்வொரு வேகத்தடையையும் தாடையால்தான் உணர்ந்தேன். ஏற்றுமதிக்காரரின் கேட்டை அடைத்துக்கொண்டிருந்த வாட்ச்மேன் எங்களைப் பார்த்து நிறுத்தினார்.

“வேன்ல ஏறாம விட்டுப்போன பெட்டிங்களா? கொண்டாங்க. ஆளு யாருங்க, உங்க லோடுமேனுங்களா?”

“ஆமாங்க, புதுசுங்க” என்றாள் மனைவி.

நான் பெட்டியை உள்ளே தூக்கிப்போய் வைத்தேன்.