மூன்றாம் சீசனின் கடைசிப் பகுதி

நியூஜெர்சியில் மகன் வீட்டுக்கு இது எங்களுடைய மூன்றாவது வருகை. ஜூனில் வந்தால் டிசம்பர் வரை இருப்போம். அங்கே டிவியில் புது சீசன்கள் தொடங்கும் செப்டம்பர் கடைசியில், எந்தத் தொடர் எந்தக் கிழமை என்று ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுவேன். இந்த முறை புதியவை ஆறு, திரும்பி வருபவை ஒன்பது. புதியவற்றில் நான்கை முதல் வாரத்திலேயே அடித்துவிட்டேன். ஒன்றில் பதினோரு நிமிடத்துக்குள் மூன்று கார்கள் வெடித்தன. கதை மட்டும் தொடங்கவில்லை.

எனக்கு முக்கியமானது வியாழன் எட்டு மணித் தொடர். ஒரு சிற்றூர், ஒரு கொலை, துப்பறியும் பெண் ஒருத்தி. சீசனுக்குப் பத்து பகுதிகள். கொலையாளி யாரென்று கடைசிப் பகுதியில்தான் தெரியும். அதை நானும் மருமகளும் மட்டும் பார்ப்போம். அவளுக்கு வேலை அதிகம். மற்ற ஆறு நாளும் எங்களுக்குள் 'சாப்டீங்களா மாமா', 'ஆச்சும்மா', அவ்வளவுதான். வியாழனன்று மட்டும் சண்டை போடுவோம். முதல் சீசனில் கொலையாளியை நான் சரியாகச் சொன்னேன். இரண்டாவதில் அவள் சொன்னாள். ஒன்றுக்கு ஒன்று. இந்த சீசனில் ஜெயிக்கப்போவது யார் என்பதுதான் என் கவலை. நான் தபால்காரன் என்றேன். அவள் டாக்டர் என்றாள்.

“டாக்டரா? அந்த ஆளு நாய்க்குக்கூட காசு வாங்காம வைத்தியம் பாக்கறான்.”

“அதான் மாமா, ஓவரா ஆக்ட் பண்றான்.”

போனில் தமிழ் சீரியல் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்தாள். “ஏனுங்க, பத்தே வாரத்துல முடியறதெல்லாம் ஒரு கதைங்களா? நான் பாக்கறதுல கல்யாணப் பந்தலே மூணு மாசமா நிக்குது.”

திரும்பும் டிக்கெட்டை மகன் எடுத்தபோதே வியாழன்களை எண்ணித்தான் நாள் சொல்லியிருந்தேன். பத்தாவது வியாழன் கடைசிப் பகுதி. மறுநாள் வெள்ளி விமானம்.

எட்டாவது பகுதி முடிந்ததும், அடுத்தது இரண்டு வாரம் கழித்து என்று திரையில் வந்தது. மருமகள் தலையில் கைவைத்தாள். “ஐயோ, அடுத்த வியாழன் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை! அன்னிக்கு ஃபுட்பால் போட்டுடுவான். மறந்தே போச்சு மாமா.”

விரல் விட்டு எண்ணினேன். திரும்பவும் எண்ணினேன். கடைசிப் பகுதி, நாங்கள் கிளம்பி ஆறாம் நாள். தங்கிப் பார்க்கலாம் என்றால், எங்களுடைய ஆறு மாத அனுமதி அதற்கு இரண்டு நாள் முன்னதாகவே முடிகிறது. ஊரில் அந்தத் தொடர் வருவதில்லை.

“நீங்க அடுத்த ஜூன்ல வர்ற வரைக்கும் நானும் பாக்கல மாமா” என்றாள் மருமகள்.

எனக்கு அதிலும் ஒரு கவலை. அவள் ஆபீஸில் எட்டுப் பேர் அதைப் பார்க்கிறார்கள். எட்டு வாயை ஆறு மாதம் யார் கட்டிவைப்பது?

“வீடியோ கால் போட்டு, போனை டிவி முன்னாடி வெச்சுட்டா போச்சுப்பா” என்றான் மகன்.

அப்படியே செய்தார்கள். அங்கே வியாழன் இரவு எட்டு, கோயம்புத்தூர் திரும்பிவிட்ட எங்களுக்கு வெள்ளி காலை ஆறரை. டிவி இருந்த இடத்தில் வெறும் வெள்ளையாகத் தெரிந்தது. மூன்று நிமிடத்தில் நான்கு முறை படம் உறைந்து நின்றது. எது துப்பறியும் பெண், எது மேசை விளக்கு என்று புரியவில்லை. நான் புலம்பியதும் மருமகள் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“விடுங்க மாமா, நானே சொல்றேன். அவ கார்லேந்து எறங்கறா. வீட்ல லைட் இல்ல. பின்னாடி டோர் ஓப்பனா இருக்கு...”

நாற்பது நிமிடம் மூச்சுவிடாமல் சொன்னாள். மூன்று வருகையிலும் சேர்த்து என்னிடம் அவள் இவ்வளவு பேசியதில்லை. மனைவி காபியோடு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றாள். விளம்பரம் வந்த ஐந்து தடவையும், “அப்புறம் என்னாச்சு கண்ணு?” என்று கேட்டது அவள்தான்.

கடைசியில் மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சொல்லும்மா.”

“டாக்டர் மாமா! டாக்டரேதான்! டூ ஒன்!”

“அதெப்படி? நான் கண்ணால பாக்கலையே. ஆடறதும் நீ, அம்பயரும் நீயா?”

“அப்ப ஜூன்ல வந்து பாத்துக்கோங்க. எவ்ளோ தடவ வேணும்னாலும் கூட ஒக்காந்து பாக்கறேன்.”

போனை வைத்ததும் காலண்டரை எடுத்து எண்ணினேன். ஜூன் முதல் வெள்ளிக்கு இன்னும் இருபத்தைந்து வாரம்.