மூச்சு பட்டால் சாகாத மீன்

தார் காய்கிற நெடி மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்குத் தலை வலிக்கும். எனக்கு மீன் ஞாபகம் வரும். திண்டிவனத்தில் எங்கள் வீட்டு ஹாலில் இப்போது ஏஞ்சல் மீன்கள் நீந்துகிற கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது. பசை போட்டு ஒட்டிய புதுத் தொட்டி, தார் அதில் ஒரு பொட்டுக்கூடக் கிடையாது என்று தெரிந்தும், காலையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்கு முன்னால் அதன் மூலையில் மூக்கை வைத்து ஒருமுறை மோந்து பார்த்துவிடுகிறேன். மருமகள் பார்த்துவிட்டால், "இன்னா மாமா, இன்னைக்கும் தொட்டிய மோந்துக்கினு இருக்கீங்களா, மீனு வேணாம் போலக்குதே உங்களுக்கு, கண்ணாடியே போதும் போலக்குதே" என்று சிரிப்பாள். சிரிக்கட்டும். காரணத்தைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் ஆகும். நான் எதையும் சுற்றி வளைத்துத்தான் சொல்லுவேன்.

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. ரோடு போடுகிற கூட்டத்தில் பிறந்தவன். எங்கள் அப்பா, அவரை நாங்கள் 'நைனா' என்றுதான் கூப்பிடுவோம், தார் காய்ச்சுகிறவர். அம்மா ஜல்லி சுமப்பவள். ரோடு நகர நகர எங்கள் குடிசையும் நகரும். எழுத்தை நான் மைல்கல்லில்தான் கற்றுக்கொண்டேன். லாரி டிரைவரிடம் ஊர்ப் பேரைக் கேட்டுக்கொண்டு வந்து கல்லுக்கு முன்னால் குந்தி, இது 'தி', இது 'ண்', இது 'டி' என்று விரலால் தடவித் தடவிப் படித்தேன். திண்டிவனத்தில் பாதி எழுத்தும் விழுப்புரத்தில் மீதி எழுத்தும் வந்தன. இந்தக் கட்டுரையில் எங்கேயாவது எழுத்து கோணலாக இருந்தால், அந்தக் கல்லில் அப்படித்தான் எழுதியிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சிறுவனாக இருந்த ஒரு கோடையில் எங்கள் கூட்டம் கிளியனூருக்குப் பக்கத்தில், பாண்டி ரோட்டுப் புளியமரங்களுக்குக் கீழே தங்கியிருந்தது. பின்னால் ஏரி. ஒருநாள் மேஸ்திரி வந்து, விழுப்புரத்தில் இன்ஜினியர் ஐயா வீட்டு மொட்டைமாடி ஒழுகுகிறது, விரிசலுக்குத் தார் அடைக்க வேண்டும் என்று நைனாவை லாரியில் ஏற்றி அனுப்பினார். நானும் தொற்றிக்கொண்டேன். நைனா பின்கட்டில் அடுப்பு மூட்டித் தாரை உருக்கிக்கொண்டிருந்தபோது நான் வீட்டைச் சுற்றி வந்தேன். பக்கவாட்டு ஜன்னலுக்கு உள்ளே, கம்பிக்கு வெகு கிட்டத்தில், அந்தத் தொட்டி இருந்தது.

அதுவரைக்கும் நான் மீனை மேலிருந்துதான் பார்த்திருக்கிறேன். ஏரியிலும் சரி, விராலை உயிரோடு போட்டு வைக்கிற அண்டாவிலும் சரி, மீன் என்றால் ஒரு முதுகு, ஒரு நிழல், அப்புறம் குழம்பு. பக்கத்திலிருந்து மீனைப் பார்த்தது அன்றைக்குத்தான். வெற்றிலையை நிமிர்த்தி நிறுத்தியது போல, வெள்ளி நிறத்தில் கறுப்புப் பட்டையோடு, மேலேயும் கீழேயும் துடுப்பை நீளமாக விட்டுக்கொண்டு, அவசரமே இல்லாமல் பச்சைச் செடிகளுக்கு நடுவே போய் வந்துகொண்டிருந்தன. அந்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் உள்ளே கண்ணாடியில் மூக்கை அமுக்கிக்கொண்டு நின்றார்கள். நான் வெளியே கம்பியில் முகத்தை வைத்தேன். இன்ஜினியர் ஐயாவின் அம்மா உள்ளேயிருந்து பார்த்துவிட்டார்கள்.

"ஏய், யாருடா அது? மூஞ்சிய எடு. உன் மூச்சு பட்டா மீனு செத்துப் போயிடும். தள்ளிப் போ, தள்ளிப் போ."

அந்தப் பிள்ளைகளின் மூச்சு கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்திருந்ததை நான் பார்த்துக்கொண்டே தள்ளிப் போனேன்.

திரும்பி வரும்போது லாரியில் நைனாவிடம் சொன்னேன். அவருக்கு எதையும் வேடிக்கையாக்கித்தான் பழக்கம். "அது மெட்ராஸ் மீனுடா. நம்ம மூச்சுல பீடி நாத்தம் வரும்னு பயந்துக்கினு இருக்கும்" என்றார். நான் பீடி குடிக்கிற வயதா? எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவிடம் சொன்னபோது அவளுக்கும் வரவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, பக்கத்துக் குடிசைக்காரிகளுக்கெல்லாம் கேட்கிற மாதிரி, "காலையில இருந்து சாயந்தரம் வரைக்கும் தார் பொகையில நின்னுக்கினு இருக்கோம், நாமளே சாவல, எம் புள்ள மூச்சு பட்டு மீனு செத்துருமாம்ல! கேட்டீங்களாடி கதைய!" என்று கத்தினாள். கத்தி முடித்துவிட்டுச் சோறு வடிக்கப் போய்விட்டாள். எனக்குத்தான் அது மனசை விட்டுப் போகவில்லை. என் மூச்சு பட்டால் மீன் சாகுமா, சாகாதா? அதைப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

இடித்துக்கொண்டிருந்த ஒரு பழைய பங்களாவிலிருந்து ஜன்னல் கண்ணாடிகளைக் கேட்டு வாங்கிவந்தேன். காலித் தார் டின்னை வெட்டி அடியும் ஓரச் சட்டமும் செய்து கொடுத்தது நைனாதான். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கண்ணாடியை எதைக்கொண்டு ஒட்டுவது என்ற கேள்வியே எங்கள் கூட்டத்தில் எழாது. குடிசைக் கூரை ஒழுகினால் தார், குடம் ஓட்டையானால் தார், வண்டிச் சக்கரம் ஆடினால் தார், குதிகால் வெடித்தால்கூட ஒரு சொட்டுத் தார். "தாரு வெச்சா எதுவும் நிக்கும்" என்பார் நைனா. மூலைக்கு மூலை சுடச்சுட ஊற்றினோம். மேஸ்திரி வந்து பார்த்து, "ஏன்டா, இதுல மீனு வளக்கப் போறியா, மொதல வளக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். தண்ணீரை ஊற்றினேன். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. ஏரியிலிருந்து கெண்டைக் குஞ்சுகளை வேட்டித் துணியால் அரித்துக்கொண்டு வந்து விட்டேன். பொழுது சாய்கிறவரைக்கும் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு பார்த்தேன்.

காலையில் எழுந்து ஓடினேன். எல்லாம் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதந்தன.

இப்போது சொன்னால் உங்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியும். அந்தக் காலையில் எனக்கு அப்படி இல்லை. அந்த அம்மாள் சொன்னது நிஜம்தான் போலிருக்கிறது, என் மூச்சில் ஏதோ இருக்கிறது என்று நம்பிவிட்டேன். யாரிடமும் சொல்லாமல் மறுபடி மீன் பிடித்து வந்து விட்டு, தொட்டிக்குப் பக்கத்தில் போகும்போதெல்லாம் துண்டால் வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டேன். அவையும் செத்தன. என் கைக்குழந்தைத் தம்பிக்கு முத்தம் கொடுக்கக்கூடப் பயமாக இருந்தது.

அம்மா கவனித்துவிட்டாள். "என்னாத்துக்குடா மூஞ்சில துண்டு? பொகையா அடிக்குது இங்க?" என்றாள். சொன்னேன். ஒரே இழுப்பில் துண்டைப் பறித்து வீசினாள். தொட்டிக்குள் விரலை விட்டு எடுத்து மோந்தாள். தண்ணீர் மேலே மயில்கழுத்து நிறத்தில் எண்ணெய் படர்ந்து மினுமினுத்தது. நான் அதை அழகு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "மூச்சுமில்ல, மண்ணுமில்ல. தாரு கக்குதுடா தண்ணியில. நாம குடிக்கிற கொடத்துல இந்த வாசன வந்தா நாம குடிப்பமா?" என்றாள். தார் பட்ட கையை எங்கள் பெண்கள் மல்லாட்டைப் புண்ணாக்கை, அதாவது வேர்க்கடலைப் புண்ணாக்கை, ஊறவைத்துத் தேய்த்துத்தான் கழுவுவார்கள். அதே புண்ணாக்கால் தொட்டியின் உட்புறத்தைத் தேய்தேய் என்று தேய்த்தாள். பிறகு மூலைகளில் தார் தெரியாதபடி ஏரிக் களிமண்ணைக் கட்டியாக அப்பி, காயவைத்து, தொட்டியை ஏரித் தண்ணீருக்குள்ளேயே முக்கிப் போட்டுவிட்டாள். "ஊறட்டும். தொட்டீனா முதுகு பிஞ்சிரும்" என்றாள். கரையில் உட்கார்ந்து காத்திருந்தேன். என் ஆயுளில் அத்தனை மெதுவாகப் போன நாட்களை நான் அப்புறம் பார்க்கவே இல்லை.

வெளியே எடுத்தபோது மோந்து பார்த்தேன். சேறு வாசனைதான் அடித்தது. அடியில் வண்டல் பரப்பி, மேலே மணல் போட்டு, ஏரியிலிருந்து வேலம்பாசியை வேரும் கொடியுமாகக் கொண்டுவந்து ஊன்றினேன். முதலில் தண்ணீர் கலங்கிக் கிடந்தது. பிறகு தெளிந்தது. ஒருநாள் வெயில் நேராக விழுந்தபோது பாசியின் இலை நுனியிலிருந்து மணி மணியாகக் குமிழி கிளம்பி மேலே ஏறியதைப் பார்த்தேன். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். தலையில் ஜல்லிக் கூடையோடு நின்று பார்த்துவிட்டு, "அதுவும் மூச்சு வுடுதுடா" என்றாள். செடி மூச்சு விடுகிற தண்ணீரில் மீன் என் மூச்சுக்குச் சாகுமா என்று அப்போதுதான் எனக்குத் தைரியம் வந்தது.

இந்தமுறை விட்டது 'செல்லாக்காசு' என்கிற ஏரி மீனில் ஒரு ஜோடி. வட்டமாக, மஞ்சளாக, விலாவில் கறுப்புப் புள்ளியோடு இருக்கும். உள்ளங்கை அகலம்கூட வராது, முள் அதிகம், குழம்புக்கு யாரும் சீந்தமாட்டார்கள். எனக்கு அந்த விழுப்புரத்து மீனின் ஜாடை அதில்தான் தெரிந்தது. மறுநாள் காலையில் இருந்தன. அதற்கு மறுநாளும் இருந்தன. நான் துண்டு கட்டவில்லை. கண்ணாடியில் வாயை வைத்து ஊதினேன். வேண்டுமென்றே ஊதினேன். அவை பாட்டுக்குப் பாசியைக் கொத்திக்கொண்டிருந்தன.

ஒருநாள் மத்தியானம் ஒரு ஜீப் எங்கள் புளியமரத்துக்கு முன்னால் புகை கக்கிக்கொண்டு நின்றது. இன்ஜினியர் ஐயாவின் ஜீப். ஐயா இல்லை, அவருடைய அம்மா திண்டிவனத்துக்கு வந்துவிட்டு அந்த வழியாகப் பாண்டிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். டிரைவர் தண்ணீர் கேட்டான். எங்கள் அம்மா குடத்தோடு கொண்டுபோய்க் கொடுத்தாள். எங்கள் குடத்துத் தண்ணீரை வண்டி குடித்தது. அந்த அம்மாள் தங்கள் கூஜாவைத் திறந்து குடித்துவிட்டு நிழலுக்கு வந்தார்கள். நிழலில்தான் ஜல்லிக் குவியல்மேல் என் தொட்டி. "அட, இங்க பாரேன்" என்று குனிந்தார்கள். முகம் கண்ணாடிக்குக் கிட்டே போனது.

நான் பக்கத்தில் போய் நின்று சொன்னேன்: "நல்லா மூச்சு வுடுங்கம்மா. எங்க மீனு சாவாது."

தார் கரண்டியோடு நைனா அப்படியே நின்றுவிட்டார். அந்த அம்மாள் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். கோபமில்லை. எதுவுமே இல்லை. "வாயப் பாரு இதுக்கு" என்று சிரித்துவிட்டு, டிரைவரிடம், "பாத்தியா, இதுங்ககூட மீனு வளக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டே போய் ஏறினார்கள். அவர்களுக்கு நினைவே இல்லை. என்னைத் துரத்தியதும் நினைவில்லை, சொன்ன வார்த்தையும் நினைவில்லை. நான் இத்தனை பாடுபட்டுச் சொன்ன பதில், கேள்வியை மறந்துபோனவர்களிடம் போய்ச் சேர்ந்தது. அந்த ஆத்திரம் இன்றைக்கும் எனக்குத் தணியவில்லை, தணிய வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

ஜீப் மறைந்த பிறகு நைனா கரண்டியைக் கீழே வைத்தார். என்னை அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் தொட்டிக்கு முன்னால் மண்டியிட்டார். அதுவரைக்கும் அவர் அதைக் குனிந்து பார்த்ததில்லை. கண்ணாடியில் உதட்டை வைத்து, நெஞ்சு காலியாகிற மாதிரி ஒரு பெரிய மூச்சை ஊதினார். கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. "பாப்போம், பீடி நாத்தத்துக்காவது சாவுதான்னு" என்றார். ஆவி மெல்ல விலகியது. மஞ்சளாக இரண்டும் அங்கேதான் இருந்தன. நைனா வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் எழுந்திருக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ரோடு நகர்ந்தது, நாங்களும் நகர்ந்தோம். மீன்களை ஏரியிலேயே விட்டேன். தொட்டியைக் கவிழ்த்து, காற்று அடிக்காமல் இருக்க விளக்குக் கூடாக அம்மா கொஞ்சநாள் வைத்திருந்தாள். பிறகு நானும் தார் காய்ச்சினேன், என் பிள்ளைகள் காய்ச்சவில்லை. அவ்வளவுதான் என் கதை.

போன மழைக்காலத்தில்தான் அந்த ஜன்னலில் பார்த்த மீனை, ஏஞ்சல் மீனை, வளர்ப்பது என்று கிளம்பினேன். விழுப்புரத்தில் ஒரு மீன் கடைக்குப் போனேன். உயரமான தொட்டியாகக் கேட்டேன். அந்த மீனின் துடுப்பு மடங்காமல் நிற்க உயரம் வேண்டும். கடைக்காரத் தம்பி, "தாத்தா, நெஜ செடி உங்களுக்கு பேஜாரு. பிளாஸ்டிக் செடி போட்டுக்கினு போங்க, ஜல்தியா முடிஞ்சிரும்" என்றான்.

"மூச்சு வுடாத செடி எனக்கு எதுக்குப்பா?" என்றேன்.

"அப்போ சிலிண்டர் வெக்கணும்" என்று ஒரு சின்ன உருளையை எடுத்துக் காட்டினான். "இதுல இருந்து காத்து தண்ணியில போவும். அதான் செடிக்குச் சாப்பாடு."

"இன்னா காத்து அது?"

"நாம வெளிய வுடற மூச்சுல இருக்குதுல்ல, அந்தக் காத்துதான் தாத்தா."

நான் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. அவன் பயந்துபோய் ஸ்டூலை எடுத்துப் போட்டுத் தண்ணீர் கொடுத்தான். எது பட்டால் மீன் சாகும் என்று என்னை விரட்டினார்களோ, அதை இரும்பு உருளையில் அடைத்து விலைக்கு விற்கிறார்கள்! "அது எங்கிட்டயே நெறைய இருக்குது, வேணாம்ப்பா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஹாலெல்லாம் சேறு என்று மருமகள் சண்டை போட்டாள். போடட்டும் என்று ஏரி வண்டலைக் காயவைத்துச் சலித்து அடியில் பரப்பினேன். மணல் போட்டேன். அகல இலைச் செடியைப் பின்னாலும் குட்டைப் புல்லை முன்னாலும் ஊன்றினேன். தண்ணீர் தெளிந்து, இலை நுனியில் குமிழி கிளம்புகிறவரை ஒரு மீனைக்கூட விடவில்லை. காத்திருக்க எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

கிளியனூர்ப் பக்கம் இப்போது போனால், நாங்கள் தங்கிய புளியமரங்கள் இல்லை. எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த கற்கள் இல்லை. பச்சைப் பலகைகள் நிற்கின்றன. ஏரியில் செல்லாக்காசு கிடைக்கிறதா என்று கேட்டால், அப்படி ஒரு மீனா என்கிறார்கள். விழுப்புரத்தில் அந்த வீடும் போய்விட்டது. ஜன்னல் இருந்த இடத்தில் செல்போன் கடையின் ஷட்டர் தொங்குகிறது. அதற்கு நான் அழப்போவதில்லை.

தொட்டியில் கடைக்காரன் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்திருந்தான், கண்ணாடியைத் தொடாதீர்கள் என்று. கொண்டுவந்த அன்றைக்கே பிளேடால் சுரண்டி எறிந்தேன். சாயந்தரமானால் தெருப் பிள்ளைகள் எல்லாம் வந்துவிடுகிறார்கள். எந்த வீட்டுப் பிள்ளை என்று நான் கேட்பதில்லை. சிலது கிட்டே போகத் தயங்கி எட்டவே நிற்கும். "இன்னாத்துக்கு அங்க நிக்கிற? கிட்ட வா. மூக்க வெச்சிப் பாரு. நல்லா மூச்சு வுடு" என்பேன். வெள்ளையாக ஆவி படிகிறது. மருமகள் துணியோடு வருகிறாள். துடைக்க நான் விடுவதில்லை.