ஜாபரின் கையைக் கட்டிய வாத்தியார்

ஜாபரைக் கெடுத்தவன் நான்தான். வேறு யாராவது இதைச் சொன்னால் சண்டைக்குப் போவேன். ஆனால் உண்மை அதுதான்.

காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் நான் வாத்தியார். ஜாபர் பிறவிச் செவிடு. வண்ணாரப்பேட்டைக்காரன். அப்பா மஜீது துறைமுகத்தில் மூட்டை தூக்கி முதுகு போய்ப் படுத்துவிட்டார். 1953-ல் பெரிய வகுப்புப் பிள்ளைகளை வேலை பழக வெளியே அனுப்பினோம். ஜாபருக்குத் திருவொற்றியூரில் எண்ணெய் டிரம் செய்யும் பட்டறை கிடைத்தது. ஆறு மாதம் பழகி, மேஸ்திரி சரி என்றால் நிரந்தர வேலை. அந்த வீட்டுக்கு அதைவிட்டால் கதியில்லை.

முதல் மாதம் முடிந்து பார்க்கப் போனேன். தகரம் அடிக்கிற சத்தத்தில் என் காதே அடைத்துப்போனது. அங்கே யாரும் வாயைத் திறக்கவில்லை. மேஸ்திரி கஸ்பார் இரண்டு விரலைக் காட்டினால் தகடு வருகிறது, உள்ளங்கையைத் திருப்பினால் மெஷின் நிற்கிறது. எல்லாருக்கும் முந்தி ஓடிக்கொண்டிருந்தவன் ஜாபர்.

"சோக்கான பையன் வாத்யாரே!" கஸ்பார் என்னை வெளியே கூட்டிவந்து சிரித்தார். "இங்க நாங்க எல்லாருமே செவுடுதான். இவன் பொறந்தப்பவே ரெடியா வந்துகீறான்!"

எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. கையால் பேசுவது எங்கள் பள்ளியில் குற்றம். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். கை அசைந்தால் ஸ்கேலால் அடி. பத்து வருஷம் உயிரைக் கொடுத்துச் சொல்லித்தந்ததை இந்த ஆள் ஒரே மாதத்தில் பாழாக்குகிறானே!

"இவன்கிட்ட வாயாலதான் பேசணும். இல்லேன்னா திரும்பக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

"நல்லா போய்க்கினு கீது வாத்யாரே, ஏன் பேஜாரு பண்றே?"

நான் அசையவில்லை. பையனை விட மனசில்லாமல் அவர் ஒப்புக்கொண்டார்.

கஸ்பார் வாயில் எந்நேரமும் வெற்றிலை. உதட்டை மூடிய மீசை வேறு. அந்த வாயிலிருந்து எவனாலும் ஒரு சொல்லைப் படிக்க முடியாது. மற்றவர்கள் கையைப் பார்த்து வேலை செய்ய, ஜாபர் மட்டும் மேஸ்திரியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். மூன்று தடவை தப்பான தகடு எடுத்துவந்தான். ஒரு தடவை மெஷின் ஓடும்போதே கையை விட்டான். பக்கத்தில் இருந்தவன் சட்டையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் விரல்கள் போயிருக்கும். ஐந்தாம் மாதமே வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

நான்தான் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அவன் அம்மா ரசூல் பீவி வாசலிலேயே மறித்தாள்.

"என் புள்ள இன்னா தப்பு பண்ணான் வாத்யாரே?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கோழைப் பயல் நான்.

"அவனுக்குப் புத்தி போதாதும்மா" என்றேன்.

ஜாபர் பக்கத்தில் நின்று என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பத்து வருஷம் அவன் படித்துப் பழகிய உதடு. ஒரு சொல் விடாமல் படித்துவிட்டான்.