ஒரு சுளகுத் தவிடு

முனிசிபாலிட்டி பால் நிலையத்து ஆயா சீனித்தாயிடம் நல்ல பேர் வாங்கியவர்கள் தூத்துக்குடியில் யாரும் கிடையாது. பாலில் தண்ணீர் ஊற்றும் பால்காரன், பிள்ளையின் மூக்கைத் துடைக்காமல் தூக்கிவரும் தாய்மார், யுத்தத்தைக் காட்டிச் சீனியைக் குறைத்த சர்க்கார் என்று எல்லாருக்கும் காலையிலேயே அர்ச்சனை நடக்கும். வேலைக்காரிக்கென்று அங்கே தினமும் ஒரு தம்ளர் பால் உண்டு. அதில் போடும் காப்பி உள்ளே இறங்கினால்தான் குரல் கொஞ்சம் தணியும். ஏரலில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். உப்பளத்தில் வேலை பார்த்த புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். பெற்ற பிள்ளை இல்லை. ஆனால் தவிட்டுப் பிள்ளை ஒன்று இருந்தது.

பிறந்த பிள்ளை தங்காத வீட்டில் அடுத்ததைத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். முறத்தில் அள்ளி ஒரு சுளகுத் தவிட்டைக் கொடுத்து வேறொருத்தி வாங்கியதாகப் பேர். வளர்வதென்னவோ பெற்றவளிடம்தான். ஆனால் தன் பிள்ளை என்று அவள் வாய் திறந்து சொல்லக்கூடாது. சொன்னால், முந்தியதைக் கொண்டுபோனது இதையும் கொண்டுபோய்விடும். ஐந்து வயது முடிந்து தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை மீட்டால் பயம் தீர்ந்தது. பக்கத்து வளவுச் சுடலைமாடத்தி இரண்டு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தவள். மூன்றாவதைப் பிறந்த அன்றைக்கே சீனித்தாயிடம் விற்று, பிச்சம்மாள் என்று பேரும் வைத்துவிட்டாள்.

அந்தப் பிச்சம்மாளுக்கு இரண்டு வயதாகியும் கால் ஊன்றவில்லை. வயிறு மட்டும் முன்னால் நின்றது. நிலையத்துப் பாலில்தான் உயிர் ஓடியது. அப்போது பார்த்து ஒரு விதி வந்தது. பெற்றவர் நேரில் நின்று தன் பிள்ளை என்று சொன்னால்தான் இனிப் பால். கேட்க ஆளில்லாத பிள்ளை அநாதை விடுதிக்குப் போகவேண்டும். பஞ்சத்தில் தெருவில் விடப்பட்ட பிள்ளைகள் பெருகியிருந்தன. விதி தப்பென்று சீனித்தாயாலும் சொல்ல முடியவில்லை. பிச்சம்மாளின் தகப்பனோ கொழும்புத் தோணியில் போனவன், எப்போது திரும்புவானோ.

"ஏளா, இன்ஸ்பெக்டர் வாராரு. எம்பிள்ளைன்னு ஒரு வார்த்தை சொல்லிரு" என்றாள் சுடலைமாடத்தியிடம்.

"அது ஒங்க பிள்ளைல்லா மதினி."

"எம்பிள்ளையா? ராத்திரி அழுதா யாரு தூக்குதா?"

"நாந்தான். ஒங்க பிள்ளையத் தூக்குதேன்."

முட்டிக்கொள்ள நல்ல சுவராகத் தேடினாள் சீனித்தாய்.

முனிசிபாலிட்டி இன்ஸ்பெக்டர் பொன்னுதுரை வந்து கேட்டபோதும் சுடலைமாடத்தி தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்குப் பிள்ளை கிடையாதுய்யா" என்றாள்.

அவர் சீனித்தாயைத் தள்ளிக் கூப்பிட்டார். "நானே சாத்தான்குளத்துல தவிட்டுக்கு வித்த பிள்ளைதான் ஆயா. எனக்குத் தெரியாதா? ஆனா அவ சொல்லாம நான் எப்படி எழுத?"

விடுதி வண்டி வாசலில் நின்றது. இப்போதாவது வாய் திறப்பாள் என்று சீனித்தாய் காத்திருந்தாள். சுடலைமாடத்தி பிள்ளையின் வாயை முந்தானையால் துடைத்து நீட்டினாள்.

"அங்கன பால் குடுப்பாங்களாய்யா?"

"குடுப்பாங்கம்மா."

"அப்போ கொண்டு போங்க. எங்கையிலதான் எதுவும் தங்காது."

சீனித்தாய்க்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. பிள்ளையைப் பறித்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். "எம்பிள்ளைய்யா. தவிடு குடுத்து வாங்கினேன். எம்பேர எழுதுங்க."

"முனிசிபாலிட்டில சம்பளம் வாங்குறவ பிள்ளைக்கு இங்கன பால் கிடையாது ஆயா."

"அது எனக்குத் தெரியும். நீங்க எழுதுங்க."

மறுநாளிலிருந்து அவள் தம்ளர் பால் பிச்சம்மாளுக்குப் போனது. கறுப்புக் காப்பியைக் குடித்துவிட்டு அவள் வைத வசவில் பால்காரன் பாலை வாசலிலேயே வைத்துவிட்டு ஓடினான். பிள்ளை நடந்தது, ஓடியது. காலையில் தானே வந்து அவள் முந்தானையை இழுத்துத் தம்ளரைக் கேட்டது.

ஐந்து வயது முடிந்ததும் சுடலைமாடத்தி தவிட்டோடு வந்தாள். சீனித்தாய் அதை அள்ளிப் பார்த்து, "ஒரே உமி. நல்ல தவிடாக் கொண்டா" என்று திருப்பி அனுப்பினாள். அடுத்த தரம் வண்டு இருக்கிறதென்றாள். அதற்கடுத்த தரம் சொல்ல எதுவும் அகப்படவில்லை, வாங்கிக்கொண்டாள்.

"எம்பிள்ளை," என்றாள் சுடலைமாடத்தி. பிறகு தெரு முழுக்க, கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே போனாள்.

"இத அன்னைக்கே சொல்லித் தொலைக்கதுக்கென்ன," என்று சீனித்தாய் முணுமுணுத்தாள்.

மறுநாள் முந்தானையை இழுக்க யாரும் வரவில்லை. இத்தனை காலத்துக்குப் பிறகு பால் விட்டுக் காப்பி போட்டாள். ஒரு வாய் குடித்துவிட்டு, ஒரே தண்ணீர் என்று பால்காரனை வைதாள். அன்றைக்கு அவன் தண்ணீர் ஊற்றவில்லை. அது அவளுக்கும் தெரியும்.