அந்தக் கண்ணாடியில் நாங்கள் இல்லை

லாரி ஓட்டுநரின் இருக்கையில் உட்கார்ந்து இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. கீழே இடப்பக்கக் கதவை ஒட்டி என் ஸ்கூட்டரோடு தங்கை நிற்கிறாள். கண்ணாடியில் வண்டியும் இல்லை, அவளும் இல்லை!

பத்து நிமிடம் முன்பு, கொழிஞ்சாம்பாறைச் சாலையில் எங்களுக்கு முன்னால் போன தேங்காய் லாரி வலப்பக்கம் ஒதுங்கியது. எங்கள் ஊர்ப்பக்கம் லாரி அப்படி ஒதுங்கினால் வழிவிடுகிறார் என்று அர்த்தம். நானும் இடப்பக்கம் நுழைந்தேன். லாரியோ இடப்பக்கமிருந்த தேங்காய்க் களத்துக்குள் திரும்ப இடம் போதாமல்தான் வலப்பக்கம் விலகியிருக்கிறது. என் பின்னால் உட்கார்ந்திருந்த தங்கை லாரிக் கதவில் ஓங்கித் தட்டியிராவிட்டால், ஒரு சாண் தூரத்தில் நின்ற சக்கரம் அவள் காலில் ஏறியிருக்கும்.

"ஏனுங்க, கண்ணு தெரியாதுங்களா? ஹாரன் அடிச்சுட்டேதானுங்க வந்தேன்!" என்று கத்தினேன்.

ஓட்டுநரும் விடவில்லை. "நீங்களே ஏறிப் பாருங்க அம்மிணி. உங்க வண்டி தெரிஞ்சா என்ற லைசென்ஸக் கிழிச்சுப் போட்டுடறேன்."

தோற்றது நான்தான். ஆனாலும் கோபம் தீரவில்லை. லைசென்ஸ் வாங்க மூன்று வாரம் எட்டுப் போட்டுப் பழகினேனே, லாரிக்காரர் பார்வையில் படாத இடம் எது என்று ஒருவராவது சொன்னார்களா?

இப்போதெல்லாம் ஓட்டுநரின் முகம் அவர் கண்ணாடியில் தெரியாதவரை லாரிக்குப் பின்னாலேயே போகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தத் தேங்காய் லாரி ஓட்டுநரும் நானும் அதே லாரியைக் கோயில் மைதானத்தில் நிறுத்தி, அவருக்குத் தெரியாத இடத்தையெல்லாம் சுண்ணாம்புக் கோடு போட்டு ஊராருக்குக் காட்டப்போகிறோம். எனக்கு எட்டுப் போடக் கற்றுத்தந்த டிரைவிங் ஸ்கூல் ஆசானையும் அழைத்திருக்கிறேன். முதலில் அவர் வந்து அந்தக் கோட்டுக்குள் நிற்கட்டும்.